ஒரு நூலு கூடலை

— அப்போ ஆஸ்பத்திரி மெஷினு பொய் சொல்லுதுன்னு சொல்லுதீங்களா யக்கா?

— பின்னே, என் டேப்பா பொய் சொல்லும்? ராதா, ஒண்ணு கேட்டுக்கோ. கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாள்ல இருந்து இந்த டேப்பு என் கழுத்துலதான் கெடக்கு. இந்தத் தெருவுல எவளாவது வந்து, தங்கமாரி தச்ச ஜாக்கெட்டு பிடிக்குது, இழுக்குதுன்னு ஒரு சொல்லு சொல்லியிருக்காளா?

— ஆறு கிலோ கூடக் காட்டுதுக்கா. செருப்பைக் கழத்திட்டு ஏறினேன். கைப்பையை நர்ஸுகிட்ட குடுத்துட்டு ஏறினேன். அப்பவும் அதேதான். கடைசியில அந்தப் புள்ள, 'தோட்டையும் கழத்திட்டு ஒரு தடவை ஏறுதீங்களாம்மா'ன்னு கேக்கா.

— வாய்க்கொழுப்பு. நீ சாப்பிட்டுட்டுப் போயிருப்பே. தண்ணி குடிச்சிருப்பே. அதுவும் எடைதான், கேட்டியா.

— ஆறு கிலோவுக்குத் தண்ணி குடிக்க நான் என்ன எருமை மாடா?

— சரி, போன வெள்ளிக்கிழமை தலைக்குக் குளிச்சுட்டு வந்து நின்னியே, அளந்தேன்லா. என்ன சொன்னேன்?

— ஒரு நூலு கூடலைன்னு சொன்னீங்க.

— அதுக்கு முந்தின வெள்ளி?

— அப்பவும் ஒரு நூலு கூடலைன்னுதான் சொன்னீங்க.

— அவ்வளவுதான். முடிஞ்சுபோச்சு. நிம்மதியா இரு. திரைக்குப் பின்னால போயி அந்தப் பட்டு ஜாக்கெட்டைப் போட்டுப் பாரு. நாளைக்கு எட்டயபுரத்துல நாத்தனா மகளுக்கு வளைகாப்பை வச்சுக்கிட்டு, மூஞ்சைத் தூக்கி வச்சுக்கிட்டு நிக்காதே. இந்தா, முதல்ல இதை வாயில போடு.

— கடலை மிட்டாயா? வேண்டாம்க்கா.

— ஒண்ணுதானட்டி. ஒண்ணுல என்ன ஆயிரப் போவுது. கடலைதானே. டாக்டரம்மாவே புரோட்டீன் திங்கச் சொன்னாவன்னு நீதானே சொன்னே.

— அவிய கடலையைச் சொன்னாவ. மிட்டாயைச் சொல்லலை.

— வெல்லத்துல இரும்புச் சத்து இருக்கு. பிடி.

— குடுங்க. உங்ககிட்ட பேசி ஜெயிக்க முடியுமா. யக்கா, நெசமாச் சொல்லுதேன், சுகருக்கும் எடைக்கும் அந்த ஊசி போட்டுக்கிட்டு இருந்தப்ப இந்த மிட்டாய் ஒரு டப்பா முன்னால கெடந்தாலும் சுவத்தைப் பாத்த மாதிரி பாத்துக்கிட்டு இருப்பேன். தலைக்குள்ள ஒரு சத்தமும் இருக்காது. இப்ப அப்படி இல்ல. எந்நேரமும் உள்ளுக்குள்ள பந்தி நடக்குது. இலை போடுத சத்தம், சாம்பார் வாளி சத்தம். சாப்பிட்டுக் கை கழுவுதேன், கை காயுததுக்குள்ள அடுத்த பந்திக்கு ஆள் கூப்பிடுதான்.

— பசிச்சா சாப்பிட வேண்டியதுதானே. பசிக்குத வயித்தைக் காயப் போடுதது பாவம்.

— பசியில்லக்கா அது. அதான் டாக்டரம்மாவும் சொன்னாவ. 'ஊசி இருந்தவரைக்கும் உங்க பசியை ஊசி மேய்ச்சுது. வாந்தி தாங்கலைன்னு நிறுத்தியாச்சு. இனிமே நீங்கதான் மேய்க்கணும். ஊசியை விட்டா திரும்பக் கூடுதது நிறைய பேருக்கு நடக்கதுதான், உங்க குத்தமில்ல. ஆனா கொஞ்சம் கூடும்போதே வந்திருந்தா தடுத்திருக்கலாம்லா, ஏம்மா இவ்வளவு விட்டீங்க'ன்னு கேட்டாவ.

— நீ என்ன சொன்னே?

— வாரா வாரம் எங்க அக்கா அளக்காவ, ஒரு நூலு கூடலைன்னு சொன்னேன். என்னை ஒரு மாதிரி பாத்தாவ. 'வீட்டுல எடை மெஷினு இல்லையா'ன்னாவ. இருந்துதும்மா, அதையே பாத்துக்கிட்டு இருந்தா கோட்டி பிடிச்சுரும்னு எங்க அக்காதான் பழைய இரும்புக்காரன்கிட்ட போடச் சொன்னாவன்னேன்.

— அதையெல்லாமா அங்கன போயிச் சொல்லுவே.

— கேட்டாவ, சொன்னேன். யக்கா, எடையை விடுங்க. சுகரும் ஏறியிருக்கு. மறுபடியும் மாத்திரை எழுதிட்டாவ. இப்படியே போனா இன்சுலின்தான்னுட்டாவ. அதைக் கேட்டதுமே எனக்கு அத்தை காலுதான் கண்ணுக்குள்ள வந்துது.

— சவத்தை, நல்ல நாள் முன்னால அதை ஏன் எடுக்கே.

— எடுக்காம? கட்டை விரல்ல ஒரு கொப்புளம்தானே வந்துது. முழங்காலோட போச்சு. மருமக ரெண்டு பேரும், நீங்க ஒரு நாளு, நான் ஒரு நாளுன்னு துணி மாத்தினோம். அந்த வாடை இன்னும் எனக்குப் போகலை. மாமியாளுக்கு வந்தது மருமகளுக்கும் வரணும்னு சட்டமான்னுதான் அந்த ஊசிக்கே போனேன்.

— உனக்கு வராது. நான் இருக்கேம்லா. போயி ஜாக்கெட்டைப் போடு.

— போடுதேன்.

— என்ன, போட்டுட்டியா? கை ஏறுதா?

— ஏறுது. கொக்கியும் மாட்டிட்டேன். யக்கா, அதிசயமா இருக்கு. கழுகுமலைக் கல்யாணத்துக்குப் போட்டப்ப எப்படி இருந்துதோ அப்படியே இருக்கு. அன்னைக்கு நான் ஊசி போட்டு நல்லா இளைச்சிருந்தேன்லா.

— நான்தான் சொன்னேனே. மெஷினு பொய்யி.

— ஆறு கிலோ எங்க போயி ஒட்டியிருக்கும்? ஒருவேளை காலுல இருக்குமோ?

— எங்கயும் இல்ல. உன் மனசுல இருக்கு. கவலையை விடு, இன்னொரு மிட்டாய் எடுத்துக்கோ.

— டெய்லரக்கா, என் ஜாக்கெட்டு இன்னைக்காவது ஆச்சா, இல்ல அடுத்த ஆடி வரைக்கும் நடக்கணுமா?

— வா சந்தனமாரி. தீப்பெட்டி ஆபீஸ்ல இருந்து நேரா வாரியா? உன்னது ஆயிட்டு. அந்தா கம்பியில கெடக்கு பாரு, பச்சை.

— எனக்கென்ன வந்தது, கேட்டேன். திரைக்குப் பின்னால யாரு, ராதாக்காவா? வெளிய வாங்க, பாப்போம். அடேயப்பா. பட்டு ஜாக்கெட்டுல காலேஜ் புள்ள மாதிரில்லா நிக்கீங்க.

— காலேஜ் புள்ளைக்கு எங்க சுகர் மாத்திரை குடுக்காவ, சந்தனமாரி.

— எங்க ஆபீஸ்ல உங்க பேச்சுதான் ராதாக்கா. வெள்ளன மொட்டை மாடியில ரெண்டு எண்ணெய் கேன்ல தண்ணியை ரொப்பிக்கிட்டு தூக்கித் தூக்கி இறக்குதீங்களாமே. எங்க போர்மேன் பொண்டாட்டியும் தூக்கி, இடுப்பு பிடிச்சுக்கிட்டு கெடக்கா.

— சதை போயிராம எலும்போட நிக்கணும்னா கனம் தூக்கணும்னு டாக்டரம்மா சொன்னாவ. அதான்.

— டெய்லரக்கா, நீங்களும் தூக்குதீங்களா?

— எனக்கு வேற சோலி இல்லையா. நாள் பூரா மெஷினை மிதிக்கதே போதும்.

— இல்ல, முகம் ஒட்டினாப்ல இருக்கே, அதான் கேட்டேன். வளையலு முழங்கைப் பக்கம் போயிக் கெடக்கு.

— அது பழைய வளையலு. நெளிஞ்சு விரிஞ்சுபோச்சு. நைட்டிக்குள்ள யானை இருக்கா ஆடு இருக்கான்னு உனக்கு எப்படித் தெரியும்? உன் ஜாக்கெட்டை எடுத்துக்கிட்டு வெரசா போ, பஸ்ஸைப் பிடிக்கணும்லா உனக்கு.

— எனக்கென்ன வந்தது, கண்ணுல பட்டதைச் சொன்னேன். பஸ்ஸு போனா போகட்டும். இந்த ஒரு ஜாக்கெட்டுக்கு எத்தனை நடை நடந்தேன். எப்ப வந்தாலும் 'இரு, ராதா ஜாக்கெட்டைப் பிரிச்சு விட்டுட்டு உன்னதைத் தொடுதேன்'னே சொல்லிக்கிட்டு இருந்தீங்க. ராதாக்கா, உங்க ஜாக்கெட்டைப் பிரிச்சுக்கிட்டே இருந்தா ஊருல மத்தவ எதைப் போடுவா?

— என் ஜாக்கெட்டையா? என் ஜாக்கெட்டை எதுக்குப் பிரிச்சீங்க யக்கா?

— கொக்கி. கொக்கி லூசா இருந்துது. தேய்க்கக் குடுத்தேல்லா, அப்ப பாத்தேன். தச்சு வச்சேன்.

— கொக்கி முன்னாலதானே இருக்கு டெய்லரக்கா. நீங்க கக்கத்துப் பக்கம்லா பிளேடை வச்சுக் கீறிக்கிட்டு இருந்தீங்க.

— சந்தனமாரி, உனக்கு நேரமாவுது.

— போறேன், போறேன். எனக்கென்ன வந்தது. வாரேன் ராதாக்கா. நாளைக்கு வளைகாப்புச் சாதம் எனக்கும் ஒரு டப்பாவுல எடுத்துட்டு வாங்க.

— அவ கெடக்கா. வாயாடி. ஏட்டி, ஏன் ஜாக்கெட்டைக் கழத்துதே? கசங்கப் போவுது. ராதா, திருப்பாதே. உள்பக்கம் பட்டு நூலு வெளிய வந்துரும்.

— வெளிச்சத்துல பிடிக்கேன், பேசாம இருங்க.

— என்னத்தைப் பாக்கே?

— இங்கன பாருங்க. ஊசி ஓட்டை, மேல இருந்து கீழ வரைக்கும் ஒரு வரிசை. அதுக்கு இந்தப் பக்கம் இன்னொரு வரிசை. தையல் போயிட்டு, ஓட்டை போகலை. கழுகுமலைக்குத் தைக்கும்போது நீங்கதானே சொன்னீங்க, பட்டுத் துணி, உள்ள மூணு தையலு போட்டிருக்கேன், என்னைக்காவது சதை போட்டா ஒவ்வொண்ணாப் பிரிச்சுக்கிடலாம்னு.

— ராதா.

— ரெண்டு பிரிச்சாச்சு. கடைசித் தையல்ல நிக்குது. இனிமே பிரிக்க உள்ள துணி இல்லக்கா.

— நீ மனசு கஷ்டப்படுவேன்னுதான்.

— மத்த ஜாக்கெட்டு? தினமும் போடுததெல்லாம்?

— எல்லாந்தான். நீ தேய்க்கக் குடுப்பேல்லா. ஒவ்வொரு மாசமும் கொஞ்சம் கொஞ்சமா. திடீர்னு இறுக்கினா நீ உடைஞ்சு போயிருவேன்னு நினைச்சேன்.

— நெசமாச் சொல்லுங்க.

— நெசந்தான்.

— இல்ல. என் முகத்தைப் பாத்துச் சொல்லுங்க. டேப்பைப் பாத்துச் சொல்லாதீங்க. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை ஒரு நூலு கூடலைன்னு சொன்னதும் மனசு கஷ்டப்படும்னா? இறுக்கினா நான் பயந்திருப்பேன். பயந்திருந்தா அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பேன். உங்களுக்கு அது தெரியும்.

— தெரியும்.

— அப்போ ஏன்?

— ஏன்னா கேக்கே? பொறாமைட்டி. வேற என்ன. நாக்குல வந்துட்டு, சொல்லிட்டேன். பொறாமை. வயிறு எரிஞ்சு எரிஞ்சு உள்ள சாம்பலாக் கெடக்கு.

— என் மேலயா?

— உன் மேலதான். ஊருல வேற எவ மேல பட எனக்கு உரிமை இருக்கு? நீ இந்த வீட்டுக்கு வந்தப்ப நமக்கு ஒரே அளவு. ஒரே கை, ஒரே இடுப்பு. உன் ஜாக்கெட்டை நான் போட்டு, என் ஜாக்கெட்டை நீ போட்டு, எது யாருதுன்னே மறந்துபோச்சு. ஒரே சேலையில ரெண்டு எடுத்து ஜோடியாக் கட்டிக்கிட்டுப் போவோம். மணியாச்சி பஸ்ஸுல மூணு பேரு சீட்டுல நாம ரெண்டு பேரு உக்காந்தா, கண்டக்டரு மூணாவது ஆளைக் கூப்பிடவே மாட்டான். ஞாபகம் இருக்கா?

— 'அம்மாமாரு, உங்களுக்கு இந்த சீட்டே எழுதி வச்சாச்சு'ன்னு சொல்லுவான்.

— அப்ப சிரிச்சோம்லா. ரெண்டு பேரும் சிரிச்சா அது ஒரு மாதிரி. நான் ஒருத்தி மட்டும் உக்காந்து, எல்லாரும் சிரிச்சா அது வேற மாதிரி.

— நான் என்னைக்காவது சிரிச்சேனா?

— நீ சிரிக்கலை. கழுகுமலையில சிரிச்சாவ. இதே ஜோடிப் பட்டைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கோம், பொண்ணு வீட்டுக்காரி வந்து என்கிட்ட கேக்கா, 'உங்க மக எந்த ஊருல வாக்கப்பட்டிருக்கா'ன்னு. உன்னைக் கையைக் காட்டுதா. உனக்கும் எனக்கும் எத்தனை வயசு வித்தியாசம்? நீ என்ன செஞ்சே அப்ப?

— எனக்கு ஞாபகம் இல்ல.

— எனக்கு இருக்கு. கொண்டையைச் சரி பண்ணினே. அவ்வளவுதான். ஒரு வார்த்தை, 'இவிய என் அக்கா'ன்னு சொல்லலை. கொண்டையைச் சரி பண்ணிக்கிட்டு அந்தப் பக்கம் பாத்தே.

— யக்கா.

— வீட்டுக்கு வந்தா உங்க பெரியத்தான். சோத்துல கை வைக்கும்போதெல்லாம் 'ராதாவைப் பாத்துப் படி'ங்காவ. எந்தப் பள்ளிக்கூடத்துல படிக்க? உனக்குத் தெரியாம நானும் அந்த டாக்டரம்மாகிட்ட போனேன்.

— எப்போ?

— நீ ஊசி ஆரம்பிச்ச சூட்டோட. 'உனக்குச் சுகர் கெடையாது, பித்தப்பையில கல்லு இருக்கு, உனக்கு இந்த ஊசி வேண்டாம்மா, நட, சோத்தைக் கொறை'ன்னு என்னை அனுப்பிட்டாவ. சுகரு வரலையேன்னு ஆஸ்பத்திரி வாசல்ல நின்னு அழுதவ இந்தக் கோவில்பட்டியிலயே நான் ஒருத்தியாத்தான் இருப்பேன்.

— என்கிட்ட சொல்லியிருக்கலாம்லா.

— என்னன்னு சொல்ல? உனக்குத் தெறந்த கதவை எனக்குச் சாத்திட்டாவன்னா? அப்பறம் ஒரு நாளு நீ அழுதுக்கிட்டு வந்தே, ஊசியை நிறுத்திட்டாவக்கா, திரும்ப வீங்கிருவேனோன்னு பயமா இருக்குன்னு. நான் உன் முதுகைத் தடவிக் குடுத்தேன். காப்பி போட்டுத் தாரேன்னு அடுப்படிக்குப் போனேன். அங்கன நின்னு சிரிச்சேன் ராதா. செண்பகவல்லி அம்மன் மேல ஆணை. பாலு பொங்கி வழியுதுகூடத் தெரியாம சிரிச்சேன்.

— அப்போ வெள்ளன என்கூட நடக்க வந்தது? 'நீ தனியாப் போகாதே, நானும் வாரேன்'னு சொன்னதெல்லாம்?

— நீ நடந்தா இளைப்பே. கூட வந்தா உன்னை அந்த ரயில்வே கேட்டு வடைக் கடை வழியாத் திருப்பிக் கூட்டிட்டு வரலாம். அதான். ஒரு நாளு விடலை பாரு. மழையில கூட வந்தேன்.

— அங்கன நீங்க ஒரு வடை தின்னதில்லையே. வயிறு சரியில்லைன்னு உங்க வடையையும் எனக்குல்லா வைப்பீங்க.

— எனக்கு எங்க இறங்கும்? நீ திங்கதைப் பாத்தாலே எனக்கு நெறைஞ்சுரும். ராத்திரி மேல உன் மாடிக்குக் குடுத்து விட்ட கறிக் கொழம்பு, தோசை, ஞாயித்துக்கிழமை குடல், எல்லாம் என் பங்குதான். உனக்குக் குடுத்து விட்டுட்டு நான் மோரைக் குடிச்சுட்டுப் படுத்துருவேன். உனக்கு ஒரு பிடி சதை வச்சா எனக்கு நல்லா ஒறக்கம் வரும்.

— அத்தை மாதிரி எனக்கும் காலை எடுத்தா? அப்பவும் ஒறக்கம் வந்திருக்குமா?

— அதைச் சொல்லாதே.

— சொல்லுவேன். துணி மாத்தினது நீங்கதானே. உங்களுக்கு அந்த வாடை தெரியாதா?

— அந்த அளவுக்கு நினைக்கலட்டி. சத்தியமா நினைக்கலை. பழையபடி என் அளவுக்கு வந்தா போதும்னு இருந்துது. உன் ஜாக்கெட்டை நான் போடணும். அந்த பஸ்ஸு சீட்டுல ரெண்டு பேரும் நெருக்கி உக்காரணும். அதுக்கு மேல என் புத்தி போகலை. நீ சுகர்னு சொன்னதும்தான் ஈரக்கொலை நடுங்கிப்போச்சு. என்னை அடி. கத்திரிக்கோலு அந்தா இருக்கு, இந்தப் பட்டு ஜாக்கெட்டை வெட்டிப் போடு. மேல போயிக் கதவைச் சாத்திக்கிடாதே.

— உங்களை அடிச்சா என் கைதான் சுளுக்கும்.

— சிரிக்கியா?

— சிரிக்கலை. எனக்கு அழவும் தெம்பு இல்ல. கொண்டையைச் சரி பண்ணினது ஞாபகம் இருக்கு. ஞாபகம் இல்லைன்னு பொய் சொன்னேன். அவ மகளான்னு கேட்டது எனக்கு இனிச்சுது. உங்க முகத்தைப் பாத்தா அந்த இனிப்பு போயிரும்னுதான் அந்தப் பக்கம் பாத்தேன்.

— சரி, விடு. ரெண்டு பேரும் சாமி சிலை இல்ல.

— டேப்பை எடுங்க. நெசமான அளவைச் சொல்லுங்க.

— இப்பவா?

— இப்பத்தான். மூச்சை இழுத்துப் பிடிக்க மாட்டேன். நீங்களும் டேப்பை இழுக்காதீங்க, நழுவ விடாதீங்க.

— கையைத் தூக்கு. முப்பத்தொம்பது.

— ஊசியை நிறுத்தினப்ப?

— முப்பத்தாறு. அத்தை மேல சத்தியம், இதுதான் நெசம். இனிமே இம்மி குறைச்சுச் சொல்ல மாட்டேன்.

— மூணு இஞ்சு. சரி. தெரிஞ்சா இறங்கிரலாம். நாளைக்கு வளைகாப்பு முடியட்டும், மறுநாளே டாக்டரம்மாகிட்ட திரும்பப் போறேன். புது மெஷினு ஒண்ணு வாங்கி என் அலமாரிக்குப் பக்கத்துல போடுதேன். அதைத் தொட்டீங்கன்னா கையை ஒடிச்சுருவேன்.

— ஒடி. வடைக் கடை வழி வேண்டாம், நேரே கேட்டைத் தாண்டி நடப்போம். கூட வாரேன். இந்தத் தடவை நெசமா வாரேன்.

— வாங்க. இப்ப அந்த டேப்பை என்கிட்ட குடுங்க.

— எதுக்கு?

— உங்களை அளக்க.

— கோட்டியா உனக்கு? தைக்கிறவளை எவளும் அளக்க வேண்டாம். என் அளவு எனக்குத் தெரியும். நாப்பத்திரெண்டு. அப்ப நம்ம ரெண்டு பேருக்கும் இருந்த அதே நாப்பத்திரெண்டுதான். இந்த நைட்டிக்குள்ள நுழைஞ்சுட்டா அளவாவது மண்ணாவது.

— உங்க பட்டு ஜாக்கெட்டைப் போட்டுப் பாத்தீங்களா?

— கழுகுமலைக்குப் போட்டதுதான். அதுக்குப் பொறவு பெட்டியில இருந்து இப்பத்தான் வெளிய வந்திருக்கு. நானே தச்சதை நானே போட்டுப் பாக்கவா? நாளைக்குக் காலையில மாட்டினா ஆச்சு.

— நில்லுங்க. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை என்னை நிக்க வச்சீங்கல்லா. நான் எவ்வளவு தூரம் வரணும்னு காத்துக்கிட்டு இருந்தீங்கன்னு நானும் பாக்கேன்.

— பாரு, போ. உனக்கும் ஒரு ஆசை. கையைத் தூக்கட்டுமா?

— தூக்குங்க. நைட்டியைப் பின்னால சேத்துப் பிடிங்க. இன்னும் சேருங்க. இவ்வளவு துணி எங்கருந்து வருது?

— அதான் சொன்னேன், உனக்கு அளக்கத் தெரியாதுன்னு. தொப்புளுக்கு மேல வை. எவ்வளவு? சொல்லு.

— முப்பத்தெ...

— என்ன முப்பத்தெ? டேப்பைத் தலைகீழாப் பிடிச்சிருக்கியா? நுனி நழுவியிருக்கும், பாரு.

— இருங்க. இன்னொரு தடவை வைக்கேன். மூச்சை இழுத்துப் பிடிக்கீங்களா?

— நான் எங்கட்டி இழுத்தேன். சும்மாத்தான் நிக்கேன்.

— எனக்கு என்ன சொன்னீங்க, முப்பத்தொம்பதுல்லா?

— ஆமா, முப்பத்தொம்பது. அது உனக்கு. எனக்கு என்ன? ராதா, ஏன் அப்படிப் பாக்கே? அந்த சந்தனமாரியும் முகம் ஒட்டியிருக்குன்னா. வளையலும் நிக்க மாட்டேங்குது. கொறைஞ்சிருக்கா? ஏட்டி, நெசமாச் சொல்லு. கொறைஞ்சிருக்கா?

— எங்க கொறைஞ்சுது. அதே நாப்பத்திரெண்டுதான்.

— அதான. எனக்குத் தெரியும்லா. நடந்தா மட்டும் போதுமா, விதி வேணும். சந்தனமாரி வாயி, தீப்பெட்டி மருந்து வாடையில உளறுதா.

— உங்க பட்டு ஜாக்கெட்டை இங்கன குடுங்க யக்கா. மேல கொண்டு போறேன்.

— அதை எதுக்கு?

— கொக்கி லூசா இருக்கு. நானே கையால தச்சு, காலையில கொண்டாரேன். நாளைக்கு நச்சுன்னு இருக்கும் உங்களுக்கு.

— உனக்கு எதுக்குட்டி சிரமம். இவ்வளவு செஞ்சவளுக்கு நீ போயி.

— நமக்குள்ள என்ன. அந்த டப்பாவை இங்கன தள்ளுங்க. என்ன இது, எனக்கே குடுத்துட்டு நீங்க ஒண்ணும் தின்னலையே. இந்தாங்க, வாயைத் தெறங்க. ஒண்ணுதானேக்கா. ஒண்ணுல என்ன ஆயிரப் போவுது.